எரியாத லாந்தர்

12 நவம்பர் 2025
பால் சொசைட்டிக்கு இன்றும் நடந்தே போனேன். வீட்டுக்காரர் சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்தபடியே இருக்கிறது. முன்சக்கரம்தான் வளைந்திருக்கிறது. பின்னால் இருக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லையில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

15 நவம்பர்
நடேசன் எதிரில் வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாசி மாசம், விடியாத இருட்டில், கரும்பு டிரெய்லரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவன் அவன். பால் கேனோடு சைக்கிளில் போனவர் அதன் பின்னால் மோதி—

"லாந்தர் தொங்குச்சி அண்ணி. போலீசே பார்த்தாங்க" என்றான் அப்போது. தொங்கியது. எரிந்ததா? ரேஷனில் மண்ணெண்ணெய் நின்றதிலிருந்து எல்லா டிரெய்லரிலும் வெறும் லாந்தர்தான். விதியில் லாந்தர் தொங்க வேண்டும் என்று இருக்கிறதாம். தொங்கியது. கேஸ் முடிந்தது.

21 நவம்பர்
அபிதா பேப்பர் படித்துச் சொன்னாள். வருஷக்கணக்காகத் திரும்பிப் பார்க்காத விதிகளை எல்லாம் போக்குவரத்துத் துறையில் இப்போது எடுத்துப் பார்க்கிறார்களாம். "லாந்தர் விதியும் இருக்குதும்மா. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா அப்டியே நீட்டிடுவாங்க. நீ எழுதிக் குடு."

"நான் அஞ்சாவதுடி. இன்னா எழுதறது?"

"அப்பாவுக்கு நடந்தத எழுது."

22 நவம்பர்
எழுதினேன். கிழித்தேன்.

24 நவம்பர்
மூன்று வரிதான் வந்தது. அபிதா திருத்த வந்தாள். வேண்டாம் என்றேன்.

9 டிசம்பர்
வில்லியனூரில் கூட்டம். அதிகாரி விதிகளை நம்பர் நம்பராகப் படித்தார். மாற்றமில்லை, மாற்றமில்லை. பின்னால் ஒருவர், "டீ வர்றதுக்குள்ள பதினேழு முடிச்சிட்டாருப்பா!" என்றார். சிரித்தார்கள். இருபத்திரண்டாவதுதான் லாந்தர். என் கை தானாக உயர்ந்தது. வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொன்னேன்.

"லாந்தர் இருந்துச்சா இல்லியாம்மா?"

"இருந்துச்சி சார். எரியல. தொங்கணும்னுதான எழுதி வச்சிருக்கீங்க? எரியணும்னு இல்லியே."

பேப்பரை அவர் மேசையில் வைத்தேன். என் மூன்று வரியை அவரே எடுத்துப் படித்தார். மாற்றமில்லை என்று சொல்லாமல் பேப்பரைத் தனியே வைத்தார்.

பஸ்ஸில்தான் அழுதேன்.

6 ஜனவரி 2026
கடிதம் வந்தது. லாந்தர் போய்விட்டது. வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டுமாம். அடுத்த கரும்பு அரவை சீசனிலிருந்து. ஆபீசுக்கு அபிதா போன் போட்டுக் கொடுத்தாள். உஷாராணி என்ற அம்மா எடுத்தார்கள்.

"இந்த அரவைக்கு?"

"இந்த அரவைக்குப் பழசுதாம்மா."

இன்னும் மூன்று மாசம் கரும்பு போகும்.

7 ஜனவரி
சைக்கிளிலிருந்து சிவப்பு வில்லையைக் கழற்றினேன். நட்டு துருப்பிடித்துக் கையைக் கிழித்தது. நடேசன் வாசலில் டிரெய்லர் லோடோடு நின்றது. நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி... இது மணவாளன் அண்ணனோடது."

"இருட்டுலதான கெளம்புவ? கட்டு."

லாந்தருக்குக் கீழே கட்டினான். கட்டி முடிக்கும் வரை நின்றேன்.