தோல் பைக்குள் இருந்த மணி

அன்புத் தம்பி கதெலுக்கு, லான்வெல் கோட்டையிலிருந்து அக்கா கெனெரிஸ் எழுதுவது. இங்கே நான் உடம்புக்கு நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

கம்பளி மூட்டைகளோடு அயர்லாந்துக்குக் கப்பலேறும் துறவியிடம் இதைக் கொடுக்கிறேன். அண்ணன் மதோக்கின் ஆள் இதற்கு முன்பே உன்னிடம் வந்திருக்கலாம். யோவான் திருநாளுக்குள் திரும்பினால் உன் பங்கு உனக்கு, வராவிட்டால் அதுவும் அண்ணனுக்கு என்று சொல்லியிருப்பான். உனக்குத் தீங்கு வராது என்று அண்ணன் புனிதரின் மணியைத் தொட்டுச் சத்தியம் செய்ததையும் சொல்லியிருப்பான். செய்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்பா இறந்ததும் வழக்கப்படி இளையவனான நீ சீமையை இரண்டாகப் பிரித்தாய், மூத்தவர் முதலில் எடுத்துக்கொண்டார். ஆற்றுக்குக் கிழக்கே கோட்டையும் வயல்களும் அவரே விரும்பி எடுத்தவை. அறுவடைக்கு முன் எல்லைக்கு அப்பாலிருந்து நார்மன் பிரபுவின் குதிரைவீரர்கள் வந்து விளைந்த வயல்களையெல்லாம் கொளுத்தினார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு: "சின்னவன் தெரிஞ்சேதான் பிரிச்சிருக்கான்." நீ அளந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவள் நான். எனக்குத் தெரியாதா?

கொளுத்திய அன்று தேவாலயத்திலிருந்து புனிதரின் அந்தக் கைமணியை எடுத்து ஒளித்தது நான்தான். அது இருந்த தோல் பை வெறுமையாகத் தொங்கினால் சனங்கள் கலங்குவார்கள் என்று அதற்குள் ஒரு மாட்டு மணியைப் போட்டு வைத்தேன். அண்ணனிடம் மட்டும் சொன்னேன். சத்தியம் செய்யவிருந்த காலையில், மெய்யான மணியை எடுத்து வருகிறேன், அரை நாழிகை பொறுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேணாம்மா, இதுவே போதும்" என்றார்.

இப்போது உன்னை வரவேற்கத் தேன்மது தயாராகிறது. சித்தப்பா இதெல் மூக்கை நீட்டி வாசனை பிடித்தார். "நல்லா காய்ச்சுறான். உங்கப்பனும் எனக்கு இப்படித்தான் காய்ச்சினான்" என்று சிரித்தார். அந்த விருந்து முடிந்த விடியலில்தான் அப்பாவின் ஆட்கள் சித்தப்பாவின் கண்களை எடுத்தார்கள். பார்வையற்றவன் இந்தச் சீமையை ஆள முடியாது. தேவாலயத்து ஏட்டில் நம் முன்னோரைப் படித்திருக்கிறேன். ஆண்டான், பிரித்தான், குருடாக்கப்பட்டான். தலைமுறைக்கு ஒரு வரி.

நீ அண்ணனைத்தான் நம்புவாய். சின்ன வயதில் அவர் தோளிலேயே வளர்ந்தவன். அதனால் மெய்யான மணியின் நாக்கைக் கழற்றி இதோடு அனுப்புகிறேன். நீ ஆணியால் கீறி, அப்பாவிடம் அடி வாங்கிய மீன் அதில் அப்படியே இருக்கிறது. சத்தியத்தின்போது மணி ஒலித்ததா என்று அந்த ஆளைக் கேள். ஒலித்தது என்பான். அப்போது இந்த நாக்கு என் பெட்டிக்குள் இருந்தது.

திருநாளன்று நீ வராதபோது என்னைத்தான் முதலில் கேட்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பழுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. வந்து பார்க்க வேண்டாம்.

அங்கேயே இரு, கதெல். பங்கு போகட்டும். எனக்கு வரும் கடிதத்தை நான் படித்துக்கொள்வதுபோல், உனக்கு வரும் கடிதத்தைக் கடைசிவரை உன் கண்ணாலேயே படிக்க ஆண்டவர் அருளட்டும். இதைப் படித்ததும் எரித்துவிடு.

உன் அக்கா,
கெனெரிஸ்