எஞ்சினுக்கு ஐந்து குடம்

2013 மே, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் தங்கை செல்விக்கு இன்று நானே செய்த ஸ்டெர்லிங் எஞ்சின் குளிர்பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே பாதி நாள் கரண்டு கிடையாது. அவளுடைய இன்சுலின் கெட்டுப்போகுமே என்று எனக்குக் கவலை. விறகுச் சூட்டில் எஞ்சின் ஓடும், அது பெட்டியைக் குளிர வைக்கும். மைன்ஸில் ஆறு மாதம் பார்த்த ஓவர்டைம் முழுவதும் அதில்தான் போனது.

இங்கே என் கம்பெனி குவார்ட்டர்ஸில் அருமையாக ஓடியது. எஞ்சினின் மறுமுனை சூடேறாமலிருக்க, தண்ணீர்க் குழாயை அதன்மேல் திறந்தே விட்டிருந்தேன். செல்வி வீட்டில் குழாய் வறண்டு கிடந்தது. கரண்டு போனால் தண்ணீரும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரண்டும் தண்ணீரும் நிற்காத முப்பது வருட குவார்ட்டர்ஸ் வாழ்க்கை.

தெருக்கோடி அடிபம்பிலிருந்து செல்வி குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். ஐந்தாவது குடத்தோடு நிறுத்தினாள்.

"இப்பிடியே ஊத்திக்கினே இருக்கணுமாண்ணா? ஒரு சொம்புத் தண்ணி போதுமே, பானையில ஈரத்துணியச் சுத்தி மருந்த வச்சிக்கினு இருப்பேன்."

கோபம் வந்தது. அதுவும் அவள்மேல். 'சரிபண்ணித் தரேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எப்படிச் சரிபண்ணுவது?

இங்கே குளியலறைக் குழாய் சொட்டுகிறது. இரண்டு முறை எழுந்துபோய் இறுக்கினேன். மூன்றாவது முறை, அடியில் ஒரு குடத்தை வைத்துவிட்டு வந்தேன்.