அந்தச் சனிக்கிழமை நான் சாகவிட்ட ஆறு பேர்

பக்கத்து வீட்டில் யாரோ கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கிறார்கள். முதலில் டயல் சத்தம், பிறகு ஒரு கீச்சல், அதன் பிறகு தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஓர் இரைச்சல். சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நம் காலத்தில் இப்படி ஒரு சத்தம் காதில் விழுந்தால் கம்பி கெட்டுவிட்டது என்று பழுதுச் சீட்டு எழுதியிருப்போம். இப்போது அந்தச் சத்தம் வந்தால்தான் இணைப்புக் கிடைத்ததாக அர்த்தம். அதை எனக்குச் சொன்னவள் நீ. நீ கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டவை கொஞ்சம்தான். சொன்னவற்றையும் சேர்த்து வரிசையாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுபதுகளில் ஜார்ஜ்டவுனிலிருந்து வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீங்கள் பன்னிரண்டு பெண்கள் இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சீட்டில் நேரம் குறித்து, கம்பியைச் செருகி, ஈப்போவையோ சிங்கப்பூரையோ பிடித்துக் கொடுப்பீர்கள். மேற்பார்வையாளரான நான் உங்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பேன். கான்வென்டில் கன்னியர்களிடம் படித்தவள் நான். நேரம் குறிக்காத ஒரு சீட்டுகூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை. நீ பத்து காவான் என்ற தோட்டத்திலிருந்து ஃபெரி ஏறி வேலைக்கு வந்தவள். இங்கிலீஷை எங்கள் பலகையில் கற்றாய், ஹொக்கியன் என்ற சீனப் பேச்சைப் பசார்க் கடைகளில் கற்றாய். என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டாய். மற்ற பெண்கள் என்னை ‘மேடம்’ என்றார்கள். உன்னைத் திருத்த வேண்டும் என்று பல தடவை நினைத்து, ஏனோ திருத்தவில்லை.

ஒரு பிற்பகல் ஈப்போவுக்குப் போகும் கம்பிகளில் ஒன்றுதான் வேலை செய்தது. பன்னிரண்டு சீட்டுகள் காத்திருந்தன. நீ ஒன்பதாவது சீட்டை எடுத்து முதலில் போட்டாய். அவசர அழைப்புக்கென்று தனி விதி உண்டு. அந்தச் சீட்டுக்குரிய மனிதர் அப்படிக் கேட்கவும் இல்லை, சாதாரண அழைப்பாகத்தான் பதிந்திருந்தார். முன்னால் காத்திருந்த வியாபாரி ஒருவர் சத்தம் போட்டுப் புகார் செய்தார். உன்னை என் மேசைக்குக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன்.

“அந்தக் குரல் சரியில்லக்கா,” என்றாய்.

குரல் சரியில்லை என்று சீட்டில் எழுதக் கட்டம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாய். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. யாரும் திரும்ப அழைத்து நம்மிடம் சொல்வதில்லை. அந்த ஆண்டு உன்னைப் பற்றி மேலே அனுப்பிய இரகசிய அறிக்கையில், கைவேகம் நன்று, வரிசையை மதிப்பதில்லை, மேற்பார்வைப் பொறுப்புக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தட்டச்சு செய்தேன். நீ ஓய்வு பெறும்வரை அதே பலகையில்தான் இருந்தாய். ஏன் என்று நீ கேட்டதே இல்லை. என்னிடம் நீ கேட்டதெல்லாம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போக ஒரு நாள் லீவு மட்டும்தான்.

பிறகு எக்ஸ்சேஞ்சு தானியங்கி ஆயிற்று. நான் விதவையானேன். நீ ஆயர் ஈத்தாமில் மகள் செல்வியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாய். செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவது எனக்கு வழக்கமாயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது நீ கதவைத் திறந்துவிட்டு, “உட்காருங்கக்கா, சண்டை நடக்குது, பத்து நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாய்.

செல்வி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்ததால் வீட்டுக்கு இணைய இணைப்பு கிடைத்திருந்தது. கறுப்புத் திரையில் படம் ஒன்றும் இல்லை. வெறும் எழுத்துகள் மேலே ஓடின. எழுத்திலேயே நடக்கும் விளையாட்டு அது, நீ இருப்பது ஒரு குகையில் என்றாய். உன்னோடு ஆறு பேர் இருந்தார்கள்: சிங்கப்பூரில் இருவர், ஆஸ்திரேலியாவில் மூவர், பின்லாந்தில் ஒருவர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. அவர்கள் வாள் எடுத்துச் சண்டை போட, நீ வைத்தியர். அடிபட்டவர்களுக்கு நீ மந்திரம் தட்டச்சு செய்தால் காயம் ஆறும். உன் சக்தியும் அளவானது. ஒருவருக்குக் கொடுத்தால் கொஞ்ச நேரம் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

நான் சிரித்தேன். உனக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது.

“இதுக்கு என்ன திறமை வேணும்? பரீட்சை உண்டா? சர்டிபிகேட் உண்டா? நேரம் போட்டா யாருக்கும் நம்பர் ஏறும்,” என்றேன்.

“நம்பர் ஏறும்க்கா. ஆள் சாகாம இருக்கணுமே,” என்று திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாய்.

வாரா வாரம் இதே வாக்குவாதம். எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் திறமை என்றால் பேருந்து அட்டவணை படிப்பவரையும் மேதை எனலாம் என்று ஒரு நாள் சொன்னேன். நீ தேநீரை நீட்டி, “ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க லா,” என்று மட்டும் சொன்னாய். அந்த ஆறு பேரும் உன்னைத் தலைவியாக வைத்திருந்தார்கள். எப்போது உள்ளே போவது, எப்போது திரும்புவது எல்லாம் உன் சொல்தான். “கடைசில எனக்கும் சூப்பர்வைசர் வேலை கெடச்சிருச்சு,” என்று நீ சிரித்தபோது, நான் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மூன்று மாதம் ஆயத்தம் செய்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஒரு கோட்டைக்குள் நுழைவதாக நீங்கள் முடிவு செய்திருந்தீர்கள். உள்ளே செத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் உன் இதயப் பரிசோதனையை அதே பிற்பகலுக்கு மாற்றிவிட்டார்கள். தள்ளிப்போடலாமா என்று நீ யோசித்ததைப் பார்த்துச் செல்வி அழாத குறை. அந்த ஆறு பேரோ, அவரவர் ஊரில் வேலையை மாற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

“நான் உட்காருறேன். உன்னைவிட வேகமா அடிப்பேன்,” என்றேன்.

நீ நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தாய். பிறகு ஒரு தாளில் கட்டளைகளை எழுதிக் கொடுத்தாய். செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னாய்: “கேக்குற ஆளைப் பாக்காதீங்க. கேக்காத ஆளைப் பாருங்க.” விதிபோல எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை மதித்திருப்பேன். வாசலில் நின்று சொன்னதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீ போனதும் நான் செய்ததைக் கேள். அடிக்கோல் எடுத்து ஒரு தாளில் கட்டம் போட்டேன். பெயர், கேட்ட நேரம், கொடுத்த நேரம். கோட்டைக்குள் சண்டை தொடங்கியது. ‘எனக்குக் காயம்’ என்று முதலில் எழுதியவர் ஓர் ஆஸ்திரேலியர். அவருக்கு முதலில் கொடுத்தேன். அடுத்துக் கேட்டவருக்கு அடுத்து. ஒருவர் இரண்டாம் முறை கேட்டபோது வரிசையில் நிற்கச் சொல்லி இங்கிலீஷில் மரியாதையாக எழுதினேன். ஒரு சீட்டும் தவறவில்லை. விரல்கள் பறந்தன. இதையா திறமை என்றாய் என்று மனதில் உன்னிடம் பேசிக்கொண்டே அடித்தேன்.

பின்லாந்துக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் கேடயத்தோடு நின்றவர் அவர். அவர்மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் திரையில் எழுத்தாக ஓடியது. படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிந்திருக்கும். நான் என் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்தார். அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. மிச்சமிருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நான் கைகளை விசைப்பலகைமேல் வைத்தபடி, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் ஒருவர் மிச்சமில்லை. உன் வைத்தியரும் செத்தார்.

செத்தவர்கள் பேச முடியும் என்பது அந்த விளையாட்டின் விசித்திரம். நான்தான் நீ என்று நினைத்து என்னிடம் பேசினார்கள். ஒருவர் உனக்கு வயதாகிவிட்டது என்றார். இன்னொருவர் வேறு வைத்தியரைப் பார்க்கலாமா என்று மற்றவர்களைக் கேட்டார். தொலைபேசிக் கம்பியோடு வாழ்ந்தவர்களுக்குக் கைவசம் ஒரு பொய் எப்போதும் உண்டு: லைன் கட்டாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும். அவர்களும் நம்புவார்கள், நீயும் நம்புவாய். என் பெயர் கெடாது. உன் இடம் போகும். ஆனால் அது கம்பியின் குற்றமாகிவிடும்.

பிளக்கில் கை வைத்தேன். எழுதிய அறிக்கையை நான் மறந்தவளில்லை. ஒரு தடவை உனக்கு வரவேண்டிய நாற்காலியை எடுத்தது போதாதா என்று என்னையே கேட்டேன். பிறகு உட்கார்ந்து அடித்தேன். இப்போது வைத்தியர் இடத்தில் இருப்பது உங்கள் தலைவி இல்லை, அவளுடைய பழைய மேலதிகாரி என்று எழுதினேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், எப்படிச் செய்வதென்று சொல்லிவிட்டுத்தான் போனாள், நான்தான் கேட்கவில்லை என்று எழுதினேன். ஆறு பேரும் செத்தது என் தவறால் என்றும் எழுதினேன். பின்லாந்துக்காரர் முதலில் எழுதினார்: உங்கள் தோழிக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

நீ கையில் பிளாஸ்திரியோடு திரும்பி வந்தாய். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சூட்டோடு அறிக்கையைப் பற்றியும் சொன்னேன்.

நீ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாய். “தெரியும்க்கா.”

“எப்படித் தெரியும்? அது இரகசிய அறிக்கை.”

“கார்பன் தாளைக் குப்பையில போடுறது யாரு? நாங்கதானே. வெளிச்சத்துல பிடிச்சா எல்லாம் தெரியும்.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டா மாத்தி எழுதியிருப்பீங்களா?”

மாட்டேன் என்றேன். அந்த ஒரு பதிலாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“கோபம் இருந்துச்சு. ரெண்டு வருஷம் உங்க டீயில சீனி போடாம குடுத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லாம குடிச்சீங்க,” என்றாய். என் உடல்நலத்தில் உனக்குள்ள அக்கறை என்று நான் அதை நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் நீ திரைக்குத் திரும்பி, உன் ஆட்கள் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தாய். கடைசி வரியில், திங்கட்கிழமை முதல் ஆரம்பிக்கலாமா தலைவி என்று கேட்டிருந்தார்கள். வேறு வைத்தியர் பேச்சை எடுத்தவரும் அதில் தன் பெயரைப் போட்டிருந்தார்.

இழந்ததைத் திரும்பச் சேர்க்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் நான் உன் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எழுத்து ஓடும் வேகத்தில் நீ எதைப் படித்தாய், எதை விட்டாய் என்று பார்த்தேன். கூச்சல் போடுபவரை நீ காக்க வைத்ததையும், ஒருவர் வழக்கத்தைவிட இரண்டு சொல் குறைவாக எழுதினால் உன் விரல் அங்கே போனதையும் பார்த்தேன். என் விதிகளில் எதிலும் அது இல்லை. எக்ஸ்சேஞ்சில் உனக்குப் பின்னால் நடந்த அத்தனை ஆண்டுகளில் நான் உன் சீட்டுகளைப் பார்த்தேனே தவிர, நீ வேலை செய்வதைப் பார்த்ததில்லை. இரண்டாம் முறை அந்தக் கோட்டையிலிருந்து ஏழு பேரும் உயிரோடு வெளியே வந்தீர்கள். பின்லாந்துக்காரர் கேட்கும் முன்பே அவருக்கு நீ மூன்று தடவை கொடுத்தாய், நான் எண்ணினேன்.

நீ போன பிறகு செல்வி கணினியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். உன் ஆட்களுக்கு நீ இறந்த செய்தியை எழுதியவள் நான். இப்போது அவர்களோடு நானும் இருக்கிறேன், கடைசி ஆளாக, மூட்டை தூக்கிக்கொண்டு. நீ மேலே இருந்து பார்த்தால் சிரிப்பாய். வைத்தியத்தைக் கீழ்ப்படியிலிருந்து கற்கிறேன். புதிதாக வருபவர்களோடு சிறு சண்டைகளுக்குப் போகிறேன். போன மாதம் நான்கு பேரைச் சாகவிட்டேன், இந்த மாதம் ஒருவரை.

நேற்று அவர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். வரும் சனிக்கிழமை பெரிய சண்டை, வைத்தியர் இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள் என்று. கொடுத்த பொறுப்பு எதையும் நான் இதுவரை மறுத்ததில்லை. இதை மறுத்தேன். இந்த வேலை எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, இரண்டு மாதம் கொடுங்கள் என்று எழுதினேன். கொடுத்திருக்கிறார்கள்.