நீ மாற்றிய ஒரு சொல்

ஓய்வூதியக் காகிதம் ஒன்றைத் தேடி இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தபோது, நீ தட்டச்சு செய்த அந்த மெமோ கையில் வந்தது. எழுபத்துமூன்றிலோ எழுபத்துநாலிலோ எனக்குக் கொடுத்தது. அதைப் படித்ததிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அதிகாரியின் ஸ்டெனோ. நான் தபால் அனுப்பும் கிளார்க். தாம்பரத்தில் ஒன்றாக ரயில் ஏறி கிண்டியில் இறங்குவோம். அவசரக் கடிதம் ஒன்று போய்ச் சேரவில்லை என்று புகார் வந்தது. அனுப்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து அது என் மேஜை இழுப்பறையிலேயே அகப்பட்டது.

அதிகாரி எனக்கான மெமோவைச் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டிருந்தாய். 'அன்ட்ரூத்ஃபுல்' என்ற சொல் வந்ததும் பென்சிலை நிறுத்திவிட்டாயாம். மாலை ரயிலில் சொன்னாய்.

"அப்படின்னா பொய்க்காரின்னு ஆயிடும் சார், அவ அனுப்பிட்டதா நெனச்சுத்தான் எழுதியிருப்பா, 'இன்ஆக்யுரேட்'னு போடலாமே, தப்புன்னுதான அர்த்தம்னேன். மொறைச்சார். ஆனா மாத்திட்டார்டி."

பொய் என்று பதிவாகியிருந்தால் என் வேலை போயிருக்கும். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அது. உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுவாரமே உன்னை டைப்பிங் அறைக்கு மாற்றினார்கள். உனக்கும் ஒரு மெமோ. வண்டி சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது பிரித்துக் காட்டினாய்.

"'இம்பர்டினன்ட்'னு போட்டிருக்கார். நல்லவேளை, 'ரூட்'னு போடல. ரூட்னா யார்கிட்டயும் மரியாதை கெட்டவ. இது பெரியவங்ககிட்ட வாய் நீளம், அவ்ளோதான். அது நெஜந்தானே?"

நீ சிரித்தாய். அதற்குப் பிறகு ஸ்டெனோ நாற்காலி உனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஓய்வு பெறும்வரை அந்த அறையில் மற்றவர்களின் கையெழுத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாய். ஒருநாளும் என்னிடம் குறைப்பட்டதில்லை.

சேலையூரில் உன் வீட்டில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். நீ மிகவும் களைத்திருந்தாய். கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

எழுதிக் கொடுப்பதற்கு முந்தின நாளே அந்தக் கடிதத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். அனுப்ப மறந்திருந்தேன். பயத்தில் இழுப்பறைக்குள் அடியில் தள்ளிவிட்டு, அனுப்பியதாக எழுதினேன். அதிகாரி முதலில் சொன்னதுதான் எனக்குப் பொருத்தமான சொல்.

பொய் ஒரு நாளில் முடிந்தது. நீ அந்த அறைக்குப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டு, அத்தனை வருஷம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரயிலில் வந்தேனே, அதற்கு என்ன சொல் போடுவது? அதையும் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.