காட்டுக்குப் போயிருக்காருங்க

புரட்டாசி 9, செவ்வாய். வெண்ணந்தூர்.

சாயங்காலம் ஜாம்பியாவிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி இன்றைக்கு ஓடவில்லையாம். கூட வேலை செய்யும் பீட்டரின் அம்மா இறந்துவிட்டார். பீட்டர் மலாவிக்காரர். பக்கத்து நாடுதான், பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று வீட்டில் பத்து நாளாக மறைத்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான் தெரிந்து, வண்டி நிழலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"பெத்தவளை மண்ணுல வெச்சப்புறம் சொல்றாங்க புள்ள. அவங்கெல்லாம் மனுசங்களா? நம்மூர்ல இப்படிப் பண்ணுவாங்களா?" என்றார் அவர்.

இங்கே மாமனாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து இன்றோடு ஆறு நாள். "அவங்கிட்டச் சொல்லிப்போடாத சாமி, எல்லாத்தையும் உட்டுப்போட்டு ஓடியாந்துருவான்" என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அப்பா எங்க? குடு, பேசறேன்."

"காட்டுக்குப் போயிருக்காருங்க, தண்ணி கட்ட."

மாமனார் படுத்திருந்த கட்டில் என் எதிரில்தான் இருந்தது. போனில் எனக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும்தான் தெரியும். மகன் குரல் கேட்டு மாமனார் அந்த வராத கையைத் தூக்கப் பார்த்தார். நான் போன் சத்தத்தைக் குறைத்தேன்.

பீட்டர் வீட்டார் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அங்கேயும் ஒருத்தி இப்படித்தான் சுவரோடு ஒட்டி நின்று பேசியிருப்பாள்.

நாளைக்கு அவர் கூப்பிட்டால் போனைக் கட்டில் பக்கம் திருப்பிவிடுவேன். அத்தை திட்டட்டும்.