இருபத்தெட்டு போர் துப்பாக்கியும் உன் மாமனாரும்

அன்பு மகள் கெர்ஸ்டனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நாய் பீட்டும் சுகம், ஜார்ஜியாவில் நீயும் மாப்பிள்ளையும் இதே சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே ரெட்ஃபீல்டில் உறைபனி விழுந்துவிட்டது, மக்காச்சோளம் பாதிதான் அறுத்திருக்கிறது, ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிச் சேவல்களெல்லாம் இன்னும் நிற்கிற சோளத்துக்குள்தான் கிடக்கின்றன. வருகிற சனிக்கிழமை ஃபெசன்ட் வேட்டை திறக்கும் நாளுக்கு நீ வருகிறாய் என்று படித்ததுமே அம்மா உன் கட்டில் விரிப்பை மாற்றிவிட்டாள். அடுத்த வரியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. உன் மாமனார் ஹோலிஸும் கூட வருகிறார், அவர் உனக்கு வாங்கித் தந்த இருபத்தெட்டு போர் என்கிற சிறு குழல் துப்பாக்கியும் வருகிறது, அது நம் சேவலுக்குப் போதும் என்று அவர் சொல்லிவிட்டார், அப்பா நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அவரிடம் கேட்டுவிட்டு என்னிடம் கேட்கிறாய்.

நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையை உன் தோளுக்கு அளவாகக் குறைத்துக் கொடுத்து, உன் முழங்கையை அவரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உன் முழங்கை தாழ்கிறது என்று நான் எத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன், தொணதொணக்காதீங்கப்பா என்பாய். அவர் சொன்னால் சிரிக்கிறாய். அவர் ஊரில் சுடுவது காடை, அது ஒரு கைப்பிடி இறகு, தோட்டாவிலிருந்து சிதறும் குண்டு ரவையில் நாலு பட்டால் விழுந்துவிடும். நம் சேவல் இறக்கை ஒடிந்தாலும் காலை ஊன்றி ஓடிவிடும், எங்காவது சதுப்பில் வளரும் சம்புப் புதருக்குள் கிடந்து மெதுவாகச் சாகும். போர் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும், குழல் சிறுத்தால் தோட்டாவில் ரவை குறையும், ஆகவே அந்தக் காடைத் துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு வா என்று எழுதி உறையையும் ஒட்டிவிட்டேன். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு, கோபம் துப்பாக்கி மேலயா சம்பந்தி மேலயான்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் ஒட்டுங்க என்றாள்.

அதோடு விடவில்லை. பக்கத்துப் பண்ணை நோரீனிடம் அதே இருபத்தெட்டு போர் இருக்கிறது, அதை இரவல் வாங்கிவந்தாள். மாநிலத்துக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே வேட்டைக்குத் திறக்கிற பொது நிலத்துக்கு, அம்மா அதோடும் நான் என் பெரிய பன்னிரண்டு போர் துப்பாக்கியோடும் போனோம். பீட் மோப்பம் பிடித்து நின்ற இடத்தில் காலடியிலேயே ஒரு சேவல் கிளம்பியது, அம்மா சுட்டாள், கழற்றிப் போட்ட கையுறை மாதிரி விழுந்தது. இவ்வளவு கிட்டத்துல கெளம்புனா கல்ல விட்டெறிஞ்சாலும் விழும் என்றேன். அடுத்தது எட்டத்தில் எழுந்தது. அம்மா துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டாள். என் துப்பாக்கிக்கு எட்டும் என்று காட்டத்தான் சுட்டேன். ஒரு கால் தொங்க, அது சம்புக்குள் இறங்கியது, பீட் மூக்கெல்லாம் கீறிக்கொண்டு தேடியும் கிடைக்கவில்லை. அம்மா பீட்டின் மூக்கைத் துடைத்துவிட்டாள். வண்டியில் ஏறும்போது, நீங்க சுட்டது ஹோலிஸத்தான், பாவம் சேவல் மேல பட்டுருச்சு என்றாள்.

ஆகவே பதிலை மாற்றி எழுதுகிறேன். கிட்டத்தில் எழும் சேவலுக்கு அந்தத் துப்பாக்கி போதும். டிசம்பரில் கொண்டுவராதே, அதற்குள் சேவல்கள் உஷாராகி எட்டத்திலேயே பறந்துவிடும். காடைக்குப் போடும் பொடி ரவை வேண்டாம், பெரியதாக வாங்கு. எட்டத்துச் சேவலை விட்டுவிட மனம் வேண்டும், அது உனக்கு உண்டு, எனக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. எனவே நாய்க்குப் பின்னால் சோளத்துக்குள் நீ நட. உன் இடப்பக்கம் எப்போதும் நான் நடப்பேன், இந்த முறை ஹோலிஸ் நடக்கட்டும், அவருடையதும் சின்னத் துப்பாக்கிதான், எதிர் வயல் முனையில், நாய் விரட்டிவரும் சேவல்களை மறித்து நிற்க வைத்தால் உயரப் போகிற சேவல்களை எண்ணிக்கொண்டுதான் நிற்பார். அங்கே நான் நிற்கிறேன். பிடித்துப்போய் எழுதவில்லை, சரி என்று எழுதுகிறேன்.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் குறையில்லாமல் வைக்கட்டும். பாதை வழுக்கும், நிதானமாக ஓட்டச் சொல். ஒன்றை மறக்காதே, வயல் முனை நெருங்கும்போது தாழப் பறப்பதைச் சுடக் கூடாது, எதிரே நான் இருப்பேன். சேவல் எழுந்ததும், பெட்டை இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரிய, சேவல் என்று கூவுவாயே, அப்போது அவர் பக்கம் திரும்பாதே, என்னைப் பார்த்துக் கூவு.

உன் ஒரே அப்பா,
ஆர்லன்