நான் சொன்ன உதாரணம்

மார்ச் 4
நூலக வாசகர் கூட்டத்தில் கும்பல் கொலைகள் எப்படித் தொடங்குகின்றன என்று பேசினேன். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராதே. “கால்வாய்க்கரைக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். போருக்குத் தப்பி வந்த நாற்பது குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நல்ல கைதட்டல்.

மார்ச் 7
தையல்காரர் என் குடத்தைப் பார்த்து, “அந்தத் தண்ணியத் தொடாதீங்க டீச்சர். கால்வாய்க்கரை ஆளுங்க விஷம் கலந்துட்டாங்களாம்” என்றார்.
“யாரு சொன்னது?”
“எல்லாரும்தான்.”
இந்த ‘எல்லாரும்’ என்பவரை வகுப்பறையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 8
யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனேன். தையல்காரருக்கு மருந்துக்கடைக்காரர். அவருக்கு அவர் மச்சினி. மச்சினிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன டீச்சர், விளையாடுறீங்களா? நூலகத்துல நீங்கதானே சொன்னீங்க.”
அன்று என் பேச்சின் பாதியில் வந்து பாதியில் போனவர்.
திரும்பும்போது தெருமுக்குச் சுவரருகே கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். எங்களுக்குத் துணி தேய்க்கும் பெண்ணின் கடை பூட்டிக் கிடந்தது. அவளும் கால்வாய்க்கரைதான். மூன்று பிள்ளைகள். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?
வீட்டுக்காரர் சொன்னார்: “நிஜ ஆளுங்கள உதாரணத்துக்கு இழுக்காதேன்னு எத்தன வருஷமா சொல்றேன்.”

மார்ச் 9
காலையில் தொட்டியடியில் முப்பது பேர், கையில் கம்பு. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “அது நடந்தது இல்லப்பா, உதாரணம். சொன்னது நான். தப்பு என்னோடது.” குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் குடித்தேன்.
“ஒரு மணி நேரம் ஆகட்டும், பாப்போம்” என்றான் ஒருவன். படியில் உட்கார்ந்து, சாகாமல் இருந்து காட்டினேன்.
பின்னாலிருந்து ஒரு குரல்: “டீச்சரே தப்பு பண்ணா யாரு முட்டி போட வைக்கிறது?”
“நீயே வைடா. எந்திரிக்கிறப்ப மட்டும் கை குடு.”
சிரித்துவிட்டார்கள். தையல்காரர் முதலில் குடத்தை நீட்டினார். கம்பைக் கீழே வைத்தால்தானே குடத்தைத் தூக்க முடியும்?

மார்ச் 12
வயிறு நன்றாக இருக்கிறது. முக்கில் இருந்த கற்களைக் காணோம்.

மார்ச் 18
துணி தேய்க்கும் கடை திறந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தேய்த்த புடவையை நீட்டியபடி அவள் சொன்னாள்: “அடுத்த தடவ உதாரணத்துக்கு உங்க வீட்டையே சொல்லுங்க டீச்சர்.”
இன்றைய நூலகக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன்: “டீச்சர் வீட்டு ஆட்கள் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்களாம்.” வாக்கியம் முடிவதற்குள், அரை மணி முன்னதாகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தபால்காரர் எழுந்து நின்றார்.
“யாரு டீச்சர் சொன்னது?”